தலைக்குப் பின்னால் ஒரு கையெழுத்து

ரெய்னோ காங்கஸுக்கு எழுபத்தொன்பது வயது. அதில் பாதியை ஒரே ஒரு மானைப் பற்றிப் பேசியே தீர்த்துவிட்டார். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் குளிர்காலம் முழுக்கச் சாலைப் பனியைத் தள்ளும் லாரி ஓட்டினார், கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் பெற்றார். அதெல்லாம் அவருக்கு நடுவில் வந்துபோன சமாச்சாரங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, மீட்டர் பார்க்க வருகிறவனாகவே இருந்தாலும் சரி, சோபாவுக்கு மேலே தொங்கும், பாடம் செய்த பன்னிரண்டு கிளைக் கொம்பு மான்தலையைக் காட்டிக் கதையை ஆரம்பித்துவிடுவார். வந்தவன் தப்பித்துப் போக அரைமணி நேரமாவது ஆகும்.

அவர் மனைவி ஐலிக்கு அந்தத் தலையைக் கண்டாலே எரிச்சல். மாதம் ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி அதன் காதுகளில் தூசி தட்டுவது அவள்தான். இத்தனை வருஷத்தில் அறுபது மானாவது அவளுடைய சமையலறை மேஜையில் கறியாகியிருக்கும். தோலுரித்தது, எலும்பெடுத்தது, பொட்டலம் கட்டி அடுக்கியது எல்லாம் அவள் கை. சுட்ட வீரர் அந்நேரம் கொல்லையில் சவ்னா என்கிற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து சுகமாக வியர்த்துக்கொண்டிருப்பார்.

இந்த அக்டோபரில் டாக்டர் ரெய்னோவின் இதயத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். உடனே மனுஷன் ஒரு காகித டேப் சுருளும் பேனாவுமாகக் கிளம்பினார். அந்த ஊர்க் கிழவர்கள் எல்லாரும் செய்வதுதான்: தான் போன பிறகு எது யாருக்கு என்று டேப்பில் பெயர் எழுதிச் சாமான்களின் பின்னால் ஒட்டிவைப்பது. இரண்டு நாள் வீடு முழுக்க டேப் கிழிக்கிற சத்தம். மூன்று துப்பாக்கிகளிலும் ராய். கத்திகளில் ராய். வேட்டைப் பரண், திசைகாட்டி, மானைக் கூப்பிடும் ஊதல், சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு, எல்லாவற்றிலும் ராய். அது மகன் பெயர். மகள் மார்லீன் பெயர் ஒரே ஒரு பொருளில் இருந்தது. காப்பி ஃபிளாஸ்க். அதுவும் ஒழுகும்.

ஐலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெய்னோவின் முட்டி தேய்ந்து பத்து வருஷமாகிறது. அன்றிலிருந்து அவரைக் கைத்தாங்கலாகக் காட்டுக்குக் கூட்டிப்போவதும், சுட்டு வீழ்த்தியதைப் பனியில் இழுத்து வருவதும் மார்லீன்தான். ராய் வேட்டைக்குப் போவதையே விட்டுவிட்டான். அவன் வனக்காவல் அதிகாரி. திருட்டுத்தனமாக மான் சுடுகிறவர்களைப் பிடிப்பது அவன் உத்தியோகம். சொந்தச் சித்தப்பாவுக்கே அபராதம் எழுதியவன்.

"பொண்ணுக்கு உருப்படியா ஏதாவது குடேன்," என்றாள் ஐலி.

"பொம்பளைக்கு எதுக்குடி கொம்பும் துப்பாக்கியும்? செவுத்துல மாட்டி வேடிக்கை பாக்கவா?"

"நீ மட்டும் வேற என்ன கிழிக்கிறியாம்?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். ராய் வேலையிலிருந்து நேராகச் சீருடையோடு வந்திருந்தான். ஐலி சுட்டுவைத்த, கறி பொதிந்த பேஸ்டி ரொட்டியைத் தின்றுகொண்டே ரெய்னோ பட்டியல் வாசித்தார், ஏதோ ராஜ்யத்தைப் பங்கு பிரிப்பதுபோல. கடைசியில் தலையைக் காட்டினார்.

"இது என் உசுரு. ராய், இதுவும் உனக்குத்தான்."

"எனக்கு எதுக்குப்பா? வைக்க இடமே இல்ல," என்றான் ராய்.

மார்லீன் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பா, அதை மட்டும் எனக்குத் தாங்களேன். வேற எதுவும் வேணாம். சின்ன வயசுல அதைப் பாத்துத்தான் எனக்குக் காட்டு மேலயே ஆசை வந்துச்சு."

"உனக்குத்தான் ஃபிளாஸ்க் வச்சிருக்கேனே!"

மார்லீனின் முகம் சிவந்துபோயிற்று. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஐம்பது வயதுப் பெண் அப்படிக் குனிந்ததைப் பார்த்ததும் ஐலி எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் ரெய்னோ.

அவள் ஸ்டூலில் ஏறினாள். தலையைக் கழற்றிச் சோபாவில் கவிழ்த்துப் போட்டாள். பின்பலகையில் 'ராய்' என்ற புது டேப். அதற்குப் பக்கத்தில் பழுத்துப்போன ஒரு சீட்டு.

"ராய், நீதானே ஆபீசர். இதைப் படி."

ராய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "வேட்டை உரிமச் சீட்டு. எண்பத்து நாலாம் வருஷம். பேரு ஐலி காங்கஸ். கையெழுத்து உன்னுதும்மா."

ஓர் உரிமத்துக்கு ஒரு கலைமான் என்பது சட்டம். அந்த வருஷம் ரெய்னோ தன் பங்கை முதல் நாளே முடித்துவிட்டார். நாலு நாள் கழித்து இது எதிரே வந்து நின்றது. கை சும்மா இருக்குமா? சுட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, மாவுக் கையோடு நின்ற ஐலியிடம் அவள் பெயரில் வாங்கிவைத்திருந்த சீட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மறுநாள் அதிகாரி வந்து விசாரித்தபோது 'நான்தான் சுட்டேன்' என்று பொய் சொன்னவள் அவள். வீரர் சவ்னாவுக்குள் ஒளிந்திருந்தார். பிறகு எவனாவது கேட்டால் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் அவரே அந்தச் சீட்டைப் பலகையில் ஆணியடித்துவைத்தார்.

ராய் கண்ணாடியைக் கழற்றினான். "சீட்டு யார் பேர்ல இருக்கோ மான் அவங்களுது. அம்மா சுட்டிருந்தா இது அம்மா சொத்து. நீங்க சுட்டு அம்மா சீட்டை மான் மேல கட்டியிருந்தா திருட்டு வேட்டை. தலையை நான் இப்பவே எடுத்துட்டுப் போகணும். சொல்லுங்கப்பா, யாரு சுட்டது?"

"டேய், நாப்பது வருஷக் கதைடா!"

"உங்களுக்குத்தான் அந்தக் கதை நல்லா வருமே. சொல்லுங்க."

ரெய்னோ ஐலியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. அவளுக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை.

"சொல்லு ரெய்னோ. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவதான்."

"சத்தமா."

"உங்கம்மாதான்டா சுட்டா!"

மார்லீன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "எப்படிம்மா சுட்ட?"

ஐலி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னாள். ஓடை வளைவில் பரண். விடிந்தும் விடியாத பனி. காற்று வடக்கேயிருந்து. முதலில் ஒரு பெட்டைமான், அதன் பின்னால் இவன். "மூச்சை அடக்கிட்டேன். எண்பது கெஜம் இருக்கும்..."

"தொண்ணூறு," என்றார் ரெய்னோ.

மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவசரமாகப் பேஸ்டியைக் கடித்தார்.

கதை முடிந்ததும் ஐலி டேப்பைப் பிய்த்தெறிந்தாள். "மார்லீன், வண்டியை வாசலுக்குக் கொண்டா. இது உனக்கு."

தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ரெய்னோவுக்கு மனசு கேட்கவில்லை. பாதி எழுந்து, "பாத்து, பாத்து, கொம்பு கதவுல இடிக்கப் போவுது," என்றார்.

"இடிச்சா இடிக்கட்டும்," என்றாள் ஐலி. "என் மான். உனக்கென்ன?"