பச்சை விளக்கும் ஒன்று புள்ளி எட்டும்

காரிமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், குடிநீர்த் தொட்டியின் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். தண்ணீரில் ஃப்ளோரைடு அளவோடு இருந்தால் பச்சை விளக்கு எரியும், மிஞ்சினால் சிவப்பு. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் அது பெரும்பாலும் மிஞ்சித்தான் இருக்கும். பல்லில் கறை படியும், வயது ஏற ஏற எலும்பைப் பிடிக்கும். அப்படியிருக்க, பலகை வைத்த நாள் முதல் பச்சைதான் எரிந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீரோ குடிக்க லாயக்கில்லை என்று வந்தது. மென்பொருள் வேலையில் இருக்கிற என்னைக் கூப்பிட்டு, பலகையைப் பார்க்கச் சொன்னார்கள் ஊர்க்காரர்கள்.

அளக்கும் கருவி ஒரு கம்பெனி, பலகை வேறொரு கம்பெனி. போனில் கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க சார்." எனக்கு எரிச்சலாக வந்தது. லேப்டாப்பை இணைத்துப் பார்த்தால், கருவி ஒழுங்காக ஒன்று புள்ளி எட்டு என்றுதான் அனுப்பிக்கொண்டிருந்தது. பலகையின் நிரலை முழு எண் மட்டும் வாங்கும்படி எழுதியிருந்தார்கள். அது புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டிப் போட்டுவிட்டு, ஒன்று என்று வைத்துக்கொண்டது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் எல்லை. ஒன்று அதற்குள் அடங்கிவிடும், ஆகவே பச்சை. ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை.

தசம எண்ணையும் வாங்கும்படி அந்த வரியை மாற்றினேன். சிவப்பு எரிந்தது. வேலை முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பலகையை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் சீருடை போட்ட அவருடைய மகள், பள்ளிக்கூட வேனுக்காக நின்றிருந்தாள்.

"ஏனுங்க, நேத்து வரைக்கும் பச்சைதானுங்களே எரிஞ்சுது?"

"நேத்தும் இதே தண்ணிதாங்க. பலகை தப்பாக் காட்டிருச்சு."

"பச்சை எரியுதுன்னுதானுங்க கேன் தண்ணி வாங்கறத நிறுத்துனோம். பாப்பாவுக்கு இதத்தானுங்க குடுத்துட்டு இருந்தேன்."

இனி வரும் அளவுகளைச் சரியாகக் காட்டலாம்; அந்தக் குழந்தை குடித்ததை என்ன செய்வது?

அவர் மகளின் தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, மண்ணில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரை உதறினார். குழந்தை ஈர மண்ணைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல தாவம் எடுத்தா என்னம்மா குடிக்கிறது?"

அவர் என் பக்கம் திரும்பினார்.