பெல்ட்டில் புதுத் துளை
1984இல் தாராவியில் கணவர் சிராஜின் தோல் பட்டறைத் தராசில்தான் நஜ்முன்னிசா வெள்ளிக்கிழமைதோறும் ஏறி நிற்பாள். தினமும் மாஹிம் வரை நடந்து, சோற்றைப் பாதியாக்கி, எட்டுக் கிலோ குறைத்திருந்தாள். அதன்பின் ஐந்து வாரமாகத் தராசு முள் எழுபத்தெட்டை விட்டு அசையவே இல்லை.

"இனிமே எறங்காது புள்ள. பேசாம பிரியாணியத் தின்னு," என்று சிரித்தார் சிராஜ்.

அவளுக்குச் சுருக்கென்றது. முள் நின்ற அன்று இடுப்பில் இறுக்கிப் பார்த்திருந்த பெல்ட்டை எடுத்துக் கட்டினாள். அன்று பிடித்த கடைசித் துளையில் இன்று தொளதொளத்தது. பெல்ட்டைக் கழற்றி, பட்டறையில் தோலுக்குத் துளை போடும் உளியை வைத்து ஓங்கி அடித்துப் புதுத் துளை போட்டாள்.

"ஒங்க தராசு மாட்டுத்தோலுக்கு இருக்கட்டும் மச்சான். இந்தப் பெல்ட்டுல இன்னும் நாலு ஓட்டைக்கு எடமிருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு மாஹிம் பக்கம் நடந்தாள்.