காயாத கடல்

கிரகோரியை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அவர் வரைந்த கடல் இன்னும் காயவில்லை.

காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகுதான் தூரிகை எடுத்தார். முழுநிலவு வந்தால் மோட்டார் சைக்கிளில் மெர்சிங் கடற்கரைக்குப் போவார். மறுநாள் சமையலறையில் உட்கார்ந்து, பலகை முழுக்கக் கருநீலம் பூசுவார். அதன்மேல் வெள்ளையைக் கட்டைவிரலால் இழுத்து இழுத்து, நீரில் நிலா வெளிச்சத்தைக் கொண்டுவருவார்.

கடைசியாக வரைந்ததை நாற்பதாம் நாள் ஜெபத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டவேண்டும் என்றாள் அவர் மனைவி செசிலியா. குளுவாங்கில் சட்டம் போடும் கடைக்காரர் தொட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணாடியில் சாயம் ஒட்டிக்கொள்ளுமாம்.

மகள் ஷரோனுக்குச் சிங்கப்பூரில் சாய ஆய்வுக்கூடத்தில் வேலை. வந்ததும் படத்தின் ஓரத்தைத் தொட்டாள். விரலில் நீலம். முகர்ந்தாள். மேசைக்கடியில் இருந்த போத்தலை எடுத்தாள். செம்பனைச் சமையல் எண்ணெய்.

“அம்மா, இதையா கலந்தாரு?”

“ஆளிவிதை எண்ணெய் தீந்துபோச்சு. கடைக்குப் போங்கன்னேன். ‘காலம் பூரா எண்ணெயில நின்னவன்டி, எனக்குத் தெரியாத எண்ணெயா’ன்னாரு.”

செசிலியாவின் தம்பி லெஸ்லி சிரித்துவிட்டார். “அலமாக்! மச்சான் நெலாவைப் பொரிச்சுல்ல வெச்சிருக்காரு!”

ஷரோனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகும். செம்பனை எண்ணெய் இறுகாது.

“எப்பதான் காயும்?” என்றாள் செசிலியா.

“காயாதும்மா. மாட்டினா மெல்ல வழிஞ்சிடும்.”

“தின்னர் போட்டுத் தொடைச்சிட்டு, வேற ஆளை வெச்சு அதே மாதிரி வரைஞ்சிடலாம் லா,” என்றார் லெஸ்லி.

செசிலியா மகளையே பார்த்தாள்.

ஷரோன் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள். நிலா வெளிச்சம் நெடுகக் கட்டைவிரல் ரேகை. கொதிகலன் கதவு சுட்டதில் அப்பாவின் விரலில் விழுந்த தழும்பு ஒவ்வொரு இழுப்பிலும் கோடாகப் பதிந்திருந்தது.

“தொடைக்க வேணாம் மாமா. மாட்டவும் வேணாம். படுக்கவெச்சு மேசையா செஞ்சிடறேன்.”

லெஸ்லி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “அதுவும் சரிதான். கடல் எங்க சுவத்துல தொங்குது? படுத்துத்தானே கெடக்கும்,” என்றார். ரம்பத்தை அவரே எடுத்துவந்தார்.

மேசையின் மேற்பகுதி ஆழமான பெட்டி. அடியில் கடல், விரலளவு இடைவெளி, மேலே கண்ணாடி. மூடுமுன் ஷரோன் அம்மாவைக் கூப்பிட்டாள்.

“எனக்கப்புறமும் இது ஈரமாவே இருக்குமா?” என்றாள் செசிலியா.

“இருக்கும்மா.”

“அப்ப மூடு.”