இருட்டு ஹீரோவும் மகளின் தமிழும்

இன்று மதியம் மகள் ப்ளூ-ரேயில் ஒரு சூப்பர்ஹீரோ படம் போட்டாள். திரை முழுக்க இருட்டு. டிவிதான் போய்விட்டதென்று நினைத்து, எழுந்து போய் வயரை ஆட்டினேன்.

"அய்யோ அப்பா, டிவி டீக் ஹை! படமே இருட்டுதான். டார்க் ஹீரோ!"

நமக்கு இங்கிலீஷ் வசனம் பிடிபடாது. அவளே பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள். டெல்லியில் பிறந்த தமிழ்.

"அவனோட அப்பா செத்துப் போச்சு. அதான் அவனுக்கு குஸ்ஸா... கோபம்."

"அச்சா, அப்புறம்?"

படம் முடியும்வரை சளைக்காமல் சொன்னாள்.

திங்கட்கிழமை வேலையில் சேரப் புனே போகிறாள்.

அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன், யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க. மெனுவில் தமிழ் ஆடியோவும் இருந்ததை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.