வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

இருபத்தெட்டா, இருபத்தொன்றா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். லென்ஸைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது முப்பத்தைந்து மில்லிமீட்டர். எண் குறையக் குறைய அகலம் கூடும், கூடுதல் ஆட்கள் படத்துக்குள் விழுவார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் வாங்கிய பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, ஃபிலிம் போடுவது. அந்த ஃபிலிமைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்குவதற்குள் படத்தில் இருக்கிற குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும் என்பாள் என் மனைவி.

"புதுக் கண்ணாடி வாங்காட்டா இப்பம் என்ன கொறஞ்சு போச்சு? எனக்க ஃபோன் கேமரால பாயிண்ட் அஞ்சுன்னு இருக்கத அமுக்குனா ஊரே விழும்," என்றாள் ஒரு நாள்.

"ஒனக்கு ஒரு எழவும் தெரியாது, சும்மா கெட," என்று கத்தினேன். அவள் சொன்னது சரிதான். அதனால்தான் கத்தினேன்.

இந்த அகல லென்ஸ் ஆசைக்குக் காரணம் என் தங்கை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவின் அடக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பத்தார் எல்லாரும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். எங்களுக்கு அந்தப் படம் எடுக்காமல் பெட்டி மூடாது. யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று பிறகு வருஷக்கணக்கில் பேசுவார்கள். மூத்த மகன் தலைமாட்டில் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. "நான் எடுக்கேன்" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டேன். கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டால் அழுகிற முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தங்கை தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளம் வைத்திருக்கும் ஒரு கத்தோலிக்க வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அப்பா எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் கமிட்டி உறுப்பினர். அவருக்குக் கடற்கரையும் ஆகவில்லை, மாதா கோயிலும் ஆகவில்லை. ஆறு வருஷம் அவள் எங்கள் வீட்டு முற்றத்தில் கால் வைக்கவில்லை. அன்றைக்கு வந்தாள். அவள் கணவன் ரோட்டிலேயே நின்றுகொண்டான். அவள் வரிசையின் கடைசியில், பந்தல் காலை ஒட்டி, பக்கத்தில் நின்ற சித்தியின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

படம் கழுவி வந்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டினோம். அதில் தங்கை இல்லை. சித்தியின் தோளில் நாலு விரல் மட்டும் இருந்தது.

முதல் வருஷ ஜெபத்துக்கு வந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கையில் டீயுடன் ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றாள். "எனக்க கை மட்டும் போதும், இல்லியா அண்ணே?" என்றாள்.

"லென்ஸ் சின்னதாக்கும் மக்கா. எனக்குப் பின்னால கெணத்துச் சுவரு. நான் எங்க போவேன்?" என்றேன்.

டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் ஃபோனை எடுப்பதில்லை. நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் லென்ஸ் சின்னது, லென்ஸ் சின்னது என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அது எனக்கே உண்மையாகிவிட்டது.

இந்த வருஷம் அம்மாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று நாகர்கோவிலில் சொல்லிவிட்டார்கள். அம்மா பயந்த மாதிரித் தெரியவில்லை. ஒரே ஒரு காரியம் கேட்டாள். "நான் பெட்டிக்குள்ள கெடக்கும்போ எல்லாரும் சுத்தி நின்னு என்ன புண்ணியம்? இருக்கும்போ எடு. அவளும் நிக்கணும்."

அம்மாவே தங்கையைக் கூப்பிட்டாள். "அவனுக்க படத்துல நான் விழமாட்டேம்மா," என்றாளாம் அவள். "புதுசா பெரிய கண்ணாடி வாங்குதான், இனி எல்லாரும் விழுவாவ" என்று அம்மா ஒரு போடு போட்டிருக்கிறாள். அப்படியானால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். இனி நான் லென்ஸ் வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினால்தான் அவள் வருவாள்; வந்தால்தான் அம்மா நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்.

இருபத்தெட்டுதான் பொருத்தம் என்று கேமரா தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார். ஆனால் இந்தக் கேமராவில் இருபத்தெட்டில் எவ்வளவு விழும் என்று காட்டும் கோடு பார்வை ஜன்னலின் ஓரத்தோடு ஓரமாக இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்ட எனக்கு அது தெரியாது. இருபத்தொன்று வாங்கினால் கேமராவின் தலைக்கு மேல் தனியாக ஒரு ஜன்னல் மாட்ட வேண்டும். ஒன்றில் ஃபோகஸ் பார்த்து, இன்னொன்றில் ஆளைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் தொல்லை. எது போதும் என்று கணக்குப் பார்த்தே முடிவு செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் முற்றத்தில் இறங்கினேன். நான் கணக்கு வாத்தியார். இந்தப் புத்தி எங்கே போகும்?

ஹால் படத்தைக் கழற்றி வந்து சுவரில் சாய்த்து வைத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து, அன்றைக்கு ஒவ்வொருவரும் நின்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். கடைசியில் தங்கைக்கும் ஒன்று.

"என்ன, ஜெபக்கூட்டமா? ஆளையே காணல்லியே," என்று மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

டேப் பிடித்து அளந்தேன். வரிசை பதினாலடி. நான் நின்ற இடம் பன்னிரண்டடி தூரம். முப்பத்தைந்து லென்ஸில் எத்தனை அடி தள்ளி நிற்கிறோமோ, கிட்டத்தட்ட அத்தனை அடி அகலம் விழும். ஆக, இரண்டடி பின்னால் போயிருந்தால் போதும். திரும்பிக் கிணற்றுச் சுவரைப் பார்த்தேன். அது என் முதுகில் இடிக்கவில்லை. அதுவரைக்கும் அளந்தேன். நாலடி இருந்தது.

நம்பாமல் மறுபடி அளந்தேன். நாலடியேதான்.

அடக்க நேரத்துப் பதற்றத்தில் எவன் பின்னால் திரும்பிப் பார்ப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாற்காலிகளை எடுத்து அடுக்கினேன். சாயங்காலமே இருபத்தொன்றுக்கு ஆர்டர் போட்டேன். இருபத்தெட்டு போதும், பழையதே போதும் என்று கணக்கு சொன்னது. ஆனால் லென்ஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நான் அன்றைக்குச் சொன்னது நியாயமாகும் என்று ஒரு நினைப்பு. கிறுக்குத்தனம்தான், வேறென்ன?

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்பு, சனிக்கிழமை காலையில் தங்கை வந்தாள். ஒரு கவரில் அம்மாவுக்கு நெத்தோலி கொண்டுவந்தாள். கணவனும் கூட வந்திருந்தான். அவன் பழக்கதோஷத்தில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். "மருமவனே, உள்ள வாரும், என்னத்துக்கு ரோட்டுல நிக்கீரு?" என்று அம்மா குரல் கொடுத்தபிறகுதான் உள்ளே வந்தான்.

முற்றத்தில் நாற்காலியில் அம்மா. பக்கத்தில் சித்தி, என் மனைவி, பிள்ளைகள். கடைசியில் தங்கையின் கணவன், கொஞ்சம் ஒதுங்கியே. தங்கை இன்னும் வரிசைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் நின்று, பெட்டியில் இருந்த புது லென்ஸைப் பார்த்தாள்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு படத்தை எடுத்திருக்கலாம். எனக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. பழைய லென்ஸோடு கேமராவை அவள் கையில் கொடுத்தேன். "இதுக்குள்ள பாரு. வெள்ளக் கோடு தெரியுதா? அதுக்குள்ள நிக்க ஆளுதான் படத்துல வரும்."

"தெரியுது."

"ஒனக்க மாப்பிள கோட்டுக்குள்ள இல்ல, பாத்தியா? அன்னிக்கும் இதாக்கும் நடந்தது."

அவள் கண்ணை எடுக்கவில்லை. "அவரு தெரியுதாரே," என்றாள்.

"என்னது?"

"கோட்டுக்கு வெளிய நிக்காரு. முழுசா தெரியுதாரு. சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரியுது."

மற்றக் கேமராக்களில் லென்ஸ் பார்ப்பதைத்தான் நம் கண்ணும் பார்க்கும். இதில் லென்ஸ் வேறு, ஜன்னல் வேறு. படத்தில் வராததும் ஜன்னலில் தெரியும். ஒரு ஆள் கோட்டுக்குள் வருவதற்கு முன்பே அவனைப் பார்த்துவிடலாம் என்று இந்தக் கேமராவின் பெருமையை எத்தனை பேரிடம் நானே அளந்திருக்கிறேன்!

தங்கை கேமராவை இறக்கினாள். "அப்போ நான் நின்னது ஒனக்குத் தெரிஞ்சுது."

தெரிந்தது. அன்றைக்கு அவள் பந்தல் காலை ஒட்டி நின்று அழுததும், மூக்கைத் துடைத்ததும், என்னையே பார்த்ததும் எல்லாம் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே என்பதும் தெரிந்தது. தெரிந்துதான் அமுக்கினேன்.

"தெரிஞ்சுது," என்றேன்.

"பின்ன எதுக்கு அமுக்குன?"

"கோவம்," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. "கடைசி ஒரு மாசம் அப்பாவுக்கு மூத்திரத் துணி மாத்துனது நான். கண்ணு தொறந்தா அவரு கேக்கது ஒன்ன. ஒரு நாளு கூட எனக்க பேரச் சொல்லல்ல. நீ கடைசில வந்து நின்னு அழுத. என்னால சகிக்க முடியல்ல."

அவள் முகம் கோபமாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. "அப்பா என்னயக் கேட்டாரா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குக் கேட்காத குரலில், நான் துணி மாற்றும்போது மட்டும்தான் அப்பா கேட்பார். வேறு யாருக்கும் தெரியாது. அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தவளுக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். நான் போடவில்லை. படத்திலிருந்து வெட்டியது அதற்குப் பிறகு வந்த சின்னக் காரியம்.

"கேட்டாரு," என்றேன்.

"எத்தன நாளு?"

"தெனமும்."

"எங்கிட்ட சொல்லல்லியே அண்ணே நீ," என்றாள்.

"எல்லாரும் வெயில்ல நிக்குதாவ, அங்க என்ன பேச்சு?" என்று அம்மா கூப்பிட்டாள். தங்கை கேமராவை என் கையில் வைத்தாள். நான் புது லென்ஸை எடுக்கப் போனேன். "அது வேண்டாம். பழசையே வெச்சு எடு," என்றாள். "கொஞ்சம் பின்னால போ."

அவள் போய்க் கணவனுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில் நின்றாள். நான் இரண்டடி பின்னால் போனேன். எல்லாரும் கோட்டுக்குள் வந்தார்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புது லென்ஸ் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. படம் கழுவி வந்து, அம்மா சொன்னபடி, ஹாலில் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் நல்ல படம், எல்லாரும் அழகாக விழுந்திருக்கிறார்கள் என்கிறார்கள். எல்லாரும் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கை லென்ஸைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, ஓரத்தில், என் கண் இருந்த சின்ன ஜன்னலைப் பார்க்கிறாள்.