அஞ்சலை பால் தெளித்த எலும்பு

அன்றைக்கு அந்தக் குழியைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர். வீடு கட்டக் கடக்கால் தோண்டிய தனபால், அவன் பெண்டாட்டி வசந்தா, ஜேசிபி ஓட்டி வந்த பண்ருட்டி சேகர், தனபாலின் அக்கா அஞ்சலை, அப்புறம் அஞ்சலையின் கூட்டாளி குப்பம்மாளாகிய நான். இந்த ஐவரில் அஞ்சலை போன வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள். பேத்தி போனை என் காதில் வைத்தாள். "பெரிம்மா, அம்மா பூட்டாங்க" என்றாள் அஞ்சலையின் மகள் செல்வி. எனக்கு அழுகை வரவில்லை. அவள் மேல் இருந்த கோபம் தீரவே இல்லையே, இனி யாரிடம் போய்க் கத்துவேன் என்றுதான் நினைத்தேன்.

அவளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் அவளைத் தாழியில் இருந்த மணியைத் திருடியவள் என்றுதான் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அவள் திருடவில்லை. அதை அவள் வாயால் ஒருநாளும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் முந்திரி மரங்களைப் பிடுங்கிப்போட்டுத் தோண்டிய இடம் அது. ஜேசிபி வாரிய செம்மண்ணுக்கு நடுவே ஒரு பெரிய பானையின் வாய் தெரிந்தது. "யக்கா, பொதயல் டோய்!" என்று சேகர் குதித்து இறங்கினான். உள்ளே மண்ணும், துருப்பிடித்த இரும்புத் துண்டும், ஒரு கைப்பிடி சிவப்புக் கல் மணியும், எலும்பும் இருந்தன. செத்தவர்களை வைத்துப் புதைத்த அந்தக் காலத்துத் தாழி அது. வசந்தா அலறிக்கொண்டு ஓடினாள். "ஏன்டி கத்தற? செத்துப் போனவங்க நம்மள என்னாடி பண்ணப் போறாங்க? உயிரோட இருக்கறவங்களுக்குப் பயப்படு" என்றாள் அஞ்சலை.

அவள் அடுத்துச் செய்ததை எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எங்கள் பழைய ஊரை எடுத்துக்கொண்டபோது இடுகாடும் சேர்ந்து போனது. அதற்கப்புறம் நாங்கள் எரிப்பதுதான். அஞ்சலையின் அம்மாவைப் புதைத்த இடம் இதுதான் என்று கை காட்டக்கூட இன்றைக்கு மண் இல்லை. அந்த எலும்பைப் பார்த்ததும் அவளுக்கு வேறு யோசனையே வரவில்லை. கடைக்கு ஓடிப் பால் வாங்கி வந்தாள். எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கிப் பால் தெளிப்போமே, அதேபோல ஒவ்வொன்றாக எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, முறத்தில் பரப்பிப் பால் தெளித்தாள். "தாத்தா, தாத்தா" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். தாழியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். மணிகளையும் முறத்தில் ஓர் ஓரமாக வைத்து, "கழுத்துல கெடந்தது, இதையும் கடல்லயே வுட்டுடணும்" என்றாள்.

அவள் புதுப்பானை எடுத்துவரத் திரும்பிய நேரத்தில் தனபாலின் கை முறத்துக்குப் போனதையும், அங்கிருந்து சட்டைப் பைக்குப் போனதையும் நான் பார்த்தேன். கடலூர் பஸ்ஸில் அவள் காதில் சொன்னேன். "வாய மூடு குப்பு. காரியத்துக்குப் போறப்ப சண்ட வாணாம்" என்றாள்.

தேவனாம்பட்டினம் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று பானையைச் சாய்த்தாள். அப்போது அவள் சொன்னதை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. "நீ எந்தச் சாதின்னு நாங்க கேக்கல. ஒன்னைத் தொட்டது யாருன்னு நீயும் கேக்காத. போய்ட்டு வா."

சேகர் வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் சொல்லி, தொல்லியல் படித்த ஒரு மேடம் ஜீப்பில் வந்துவிட்டார். குடிதண்ணீர்ப் பானை மாதிரி பளபளவென்று கவிழ்ந்து கிடந்த தாழியைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உள்ள இருந்த மண்ணையுமா கழுவிட்டீங்க?" என்றார். ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன சாப்பிட்டார், எல்லாவற்றையும் எலும்பும் பல்லும் மண்ணும் சொல்லியிருக்கும் என்றார். திட்டவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"எலும்பு பேரு சொல்லுமாங்க?" என்று கேட்டாள் அஞ்சலை.

"பேர் சொல்லாதும்மா."

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. மணி ஏதாவது இருந்ததா என்று அந்த மேடம் கேட்க, "செவப்பா ஒரு கைப்பிடி இருந்துச்சு மேடம்" என்றான் சேகர். எல்லார் கண்ணும் தனபாலிடம் போனது. அவன், "அக்காதாங்க எல்லாத்தையும் எடுத்துக்கினு போச்சு" என்றான்.

"பொய்யி! இவன் பாக்கெட்ல போட்டத இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று நான் கத்தினேன்.

அஞ்சலை என்னைப் பார்க்கக்கூட இல்லை. "அவளுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்க. மணி என்கிட்டதான் இருந்துச்சு. எங்கியோ வுழுந்துட்டுது" என்றாள்.

இத்தனை பேர் நடுவில் என்னைப் பொய்க்காரி ஆக்கினாள். தன்னைத் திருடி ஆக்கிக்கொண்டாள். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வருஷக்கணக்காக அவள் வேலை பார்த்த வீட்டு அம்மா, பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, "நாளைலேர்ந்து நாங்களே பாத்துக்கிறோம் அஞ்சல" என்றார். அந்த பிளாக்கில் அதற்கப்புறம் ஒரு வீட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை.

பிறகு பக்கத்து மேட்டில் முறைப்படி தோண்டினார்கள். எங்கள் குடியிருப்புப் பெண்களைக் கூலிக்கு எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள், அவளை எடுக்கவில்லை. நான் அவளோடு பேசுவதில்லை என்று இருந்தேன். சாயங்காலம் முந்திரி வேலி ஓரம் வந்து நிற்பாள். விருந்தாளியைக் கேட்பதுபோல, "இன்னைக்கு யாரு வந்தாங்க?" என்பாள். எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வது?

ஒருநாள் சின்னத் தாழி ஒன்று வந்தது. பால்பல்லைப் பார்த்துவிட்டுக் குழந்தை என்று அந்த மேடம் சொன்னார். பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் சிவப்புமாக ஒரு குட்டிக் கிண்ணம் இருந்தது. அதை அஞ்சலையிடம் சொன்னேன். "புள்ளைக்குத் தனியாச் சோறு வச்சி அனுப்பியிருக்காங்க. நம்மள மாதிரிதான் இருந்திருக்காங்க பாரு" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். "குப்பு, நான் தாத்தான்னு அழுதனே, அது பொம்பளையா இருந்தா? ஆம்பள பேரச் சொல்லி அழுதா அவளுக்கு எப்பிடிப் போய்ச் சேரும்?" என்றாள். திருடி என்ற பெயருக்கு அழாதவள், அன்றைக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை பெஞ்சில் அவளைக் கிடத்தி மதியம் வரை காத்திருந்தோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் பெண் பிணத்தை எடுக்க மாட்டோம். அவள் ஏன் தம்பிக்காக அந்தப் பழியைச் சுமந்தாள் என்பதும் இந்தக் கோடியில்தான் இருக்கிறது. "பொறந்த வூடுன்னு எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவனயும் பகைச்சிக்கினு அநாதப் பொணமாவா போவ?" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

தனபால் வந்தான். குறிஞ்சிப்பாடி கைத்தறிச் சேலை கொண்டுவந்தான். செல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இப்பவாவது சொல்லு. எங்கம்மா எடுக்கலன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு மாமா" என்று கெஞ்சினாள்.

அவன் சேலையைப் போர்த்தினான். சுருக்கம் நீவிவிட்டான். கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா ஏதோ ஆசப்பட்டு எடுத்துட்டுது. பெரிய மனசு பண்ணி எல்லாரும் மன்னிச்சிடுங்க" என்றான். என்னா தம்பி, என்னா குணம் என்று ஊரே உருகியது.

நான் அந்தச் சேலையை உருவி அவன் மூஞ்சியிலேயே எறிந்தேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று என்னைப் பிடித்து வெளியே உட்கார வைத்தார்கள். சேலையை எடுத்து மறுபடியும் அவள்மேலே போர்த்தினார்கள். அதோடுதான் எரிந்தாள்.

அஞ்சலையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவள் கையைத்தான். முன்பின் தெரியாத எலும்பை, தான் பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவிய கை. என்னைப் பொய்க்காரி ஆக்கியதை அவளுக்கு மன்னித்துவிட்டேன். மன்னிக்காமல் வைத்திருப்பது ஒருவனை. அவன் நல்ல தம்பி என்று இன்னும் நீங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் பெயர் தனபால்.