தமிழ் சொல்லிக்கொடுக்க ஆங்கிலம் படித்தேன்

அமெரிக்காவில், டெக்சஸ் பக்கம் காப்பெல் என்கிற ஊருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியும், வாய் மட்டும் திறக்காது. மதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்தவள் நான். வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சு வரை சத்தம் அடங்கிவிடும். இங்கேயோ, கடையில் பில் போடுகிற பெண் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நான் கணவரின் முகத்தைப் பார்ப்பேன். அவர் எனக்கும் சேர்த்து பதில் சொல்வார், விருந்தாளிகள் முன்னால் சின்னப் பிள்ளைக்காகப் பெற்றவர்கள் பேசுவதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் உயிர் வந்தது. சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் ஐ.டி. வேலை பார்க்கிற பெற்றோர்கள்தான், சம்பளம் கிடையாது. முறையாகப் படித்த தமிழாசிரியை வந்து நின்றால் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். பள்ளியை நடத்துகிற பெண் என்னைவிடச் சின்னவள். நான் சொன்னதையெல்லாம் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பசங்களுக்கு எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எக்ஸ்ப்ளெயின் பண்ணாத்தான் புரியும். கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணிட்டு வாங்க, கண்டிப்பா கிளாஸ் தர்றோம்" என்றாள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஜூஸும் சமோசாவும் கொடுக்கிற வேலையைத் தந்தாள். மேசைக்குப் பின்னால் நின்று கொடுத்தேன். வாங்கிப் போகிற ஒரு பிள்ளையும் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்க ஆங்கிலம் பத்தாது என்று ஓரங்கட்டப்பட்ட தமிழாசிரியை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வைராக்கியமாக நூலகத்தில் நடக்கிற இலவச ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நடைபாதை பாதி தூரத்தில் முடிந்துபோகும், அதற்குப் பிறகு புல்லில் நடக்க வேண்டும், டெக்சஸ் வெயில் மண்டையைப் பிளக்கும். வகுப்பில் மெக்சிகோக்காரிகள், கொரியாக்காரிகள், நான். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற அமெரிக்க ஆசிரியை. எங்கள் யாருடைய பாஷையும் அவருக்குத் தெரியாது. ஒரு பை நிறையச் சாமான்களோடு வருவார். அவித்த முட்டையை எடுப்பார், தட்டுவார், உரிப்பார், செய்கிற ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்வார், பிறகு முட்டையை நம் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் அவருடைய வித்தை. எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்த மாட்டார். பேசாமல் தப்பிக்க முடியாது.

அங்கேதான் என் வாய் திறந்தது. ஒருநாள் கடையில் அந்தப் பெண் கேட்டதற்குக் கணவர் வாயெடுப்பதற்குள் நானே பதில் சொன்னேன், அவளிடம் வெயிலைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினேன். அவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

அடுத்த வருஷம் எனக்கு வகுப்பு கிடைத்தது. நானும் ஒரு பை கொண்டுபோனேன். தேங்காய், சீப்பு, கரண்டி, பூட்டு. தமிழைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பிள்ளைகள் முதலில் திருதிருவென்று முழித்தார்கள், பிறகு தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிச் சிரித்தார்கள். நான் காத்திருந்தேன். சில வாரங்கள் கழித்து, பூட்டை நான் வெறுமனே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி கேட்டாள்.

"சாவி எங்க டீச்சர்?"

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. காப்பெல்லில் ஒருவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லையாம், ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அழுகிறானாம். நடத்துகிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். நான் நூலக வகுப்பைப் பற்றியும் அந்தச் சிறுமி பேசியதைப் பற்றியும் சொன்னேன்.

"அது வேறக்கா. உங்களுக்கு இங்கிலீஷ் இல்லாம இங்க வாழ முடியாது, கத்துக்கிட்டீங்க. நம்ம பசங்களுக்குத் தமிழ் எதுக்கு வேணும்? நாமதான் கெஞ்சி உக்கார வெச்சிருக்கோம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனாலேயே அவளை இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியே போனால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்து புலம்பினேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்க. இல்லேன்னா மறுபடி சமோசாதான்" என்றார் கணவர், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. அந்த மேசைக்குப் பின்னால் இன்னொரு தடவை போய் நிற்க நான் தயாராக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். உயிரெழுத்துகளை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். நடத்துகிற பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வகுப்பில் அந்தச் சிறுமி கையைத் தூக்கி, "பை எங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"நோ பேக் டுடே" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் எதுவும் கேட்கவில்லை.

ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டுப் பாடினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். முடிந்ததும் அந்தச் சிறுமியின் அப்பா மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேடம், ஆரம்பத்துல நாங்க கொஞ்சம் பயந்துட்டோம். இப்ப உங்க இங்கிலீஷ் சூப்பரா இருக்கு. நீங்க சொல்றது எல்லாமே இவளுக்குப் புரியுதாம்" என்றார்.

அவள் அப்பாவின் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். "தேங்க் யூ" என்றேன். அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பார்க்கவில்லை.